ஆல்ப்ஸில் குடும்ப விடுமுறை, நடுவில் கொஞ்சம் பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். ஆறு கோடையாக விடுமுறைக்கு ஒரே இடம்தான்: இத்தாலியின் வடக்கு ஓரத்தில் உள்ள தென் டிரோல், அதிலும் மெரானோவுக்கு மேற்கே நீளும் ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அது விடுமுறை, எனக்கு விடுமுறையோடு ஸ்டெல்வியோ கணவாயும். ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்ததும் நண்பர்களும் அலுவலகத்துக்காரர்களும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், ஊரிலிருந்து அண்ணன் மகன் வேறு வாட்ஸப்பில் கேட்கிறான். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏன் தென் டிரோல்? மலை என்றால் சுவிட்சர்லாந்துதானே?

சுவிஸ் கணவாய்களைக் குறை சொல்லவே மாட்டேன். ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் மூன்றையும் ஒரே நாளில் சுற்றலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் நான்கு பேர் ஒரு வாரம் தங்கிச் சாப்பிட ஆகும் செலவைப் பார்த்தால் பைக் ஆசை தானாக அடங்கிவிடும். தென் டிரோலில் தங்குவது அந்த அளவுக்குப் பையைக் கடிக்காது. பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும், ஆப்பிள் தோட்டமும் நீச்சல் குளமும் உண்டு, பைக்குக்காரன் வீட்டில் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் காரைத் தொடாமலே ஊர் சுற்ற ரயிலும் பேருந்தும் ஒழுங்காக ஓடுகின்றன. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்.

பள்ளத்தாக்கு முழுக்க ஜெர்மன் பேசுகிறார்கள், பலகைகளில் ஜெர்மன், இத்தாலியன் இரண்டும் இருக்கும். அதனால் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர். ஸ்டெல்வியோதான் ஸ்டில்ஃப்ஸர் யோஹ், ஸ்டெர்சிங்தான் விபிதேனோ, குளூர்ன்ஸ்தான் குளோரென்சா. வரைபடத்தில் ஒரு பெயரையும் பலகையில் இன்னொரு பெயரையும் பார்த்து வழி தவறிவிட்டோமோ என்று குழம்ப வேண்டாம்.

பத்து நாள் விடுமுறையில் எத்தனை நாள் பைக்குக்கு எடுக்கலாம்?

மூன்று. நான்காவது நாள் கேட்டுப் பார்த்திருக்கிறேன், கிடைத்தது, அதற்கான விலையையும் கொடுத்தேன்.

அந்த மூன்றையும் ஒரே மாதிரி முழு நாளாக எடுக்காதீர்கள். என் கணக்கு: ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பி காலைச் சாப்பாட்டுக்குத் திரும்புவது, ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குள் திரும்புவது, ஒரே ஒரு நாள் மாலை வரை. நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். அடுத்தடுத்த நாள் ஓட்டினால் இரண்டாம் நாள் தோள்பட்டையும் கவனமும் சேர்ந்தே தளர்ந்துவிடும். அது போக, நடுவில் இருக்கும் நாளில் பிள்ளைகளோடு முழுசாக இருந்தால்தான் அடுத்த நாள் ஹெல்மெட்டை எடுக்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முதல் வருஷம் நான் செய்த தப்பு, கிளம்பும் நேரத்தை மட்டும் திட்டமிட்டது. "மதியம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் இரவு ஏழே காலுக்கு வந்தேன். வழியில் கணவாய்க்கு முன்னால் சாலை வேலை, அப்புறம் மழை, அப்புறம் செல்போனில் சார்ஜ் இல்லை. மனைவி சத்தம் போடவில்லை. "நீங்க லேட்டா வந்தது பரவாயில்லை, எத்தனை மணிக்குப் பயப்பட ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்: திரும்பும் நேரம் ஒன்று, அதைத் தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டிய நேரம் இன்னொன்று. பாதையின் படமும் அவர் போனில் இருக்கும். முழுத் திட்டத்தையும் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுகிறேன், எந்தக் கணவாயை விடுவது என்று அதுவே சொல்லிவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்? ஊரில் 500 ஓட்டியிருக்கிறேன்.

நெடுஞ்சாலையில் ஓட்டிய 500-ஐ இங்கே கொண்டுவராதீர்கள். மலையில் நிறுத்தம் எல்லாம் சேர்த்து மணிக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஓட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். படம் எடுக்க நிற்பீர்கள், சைக்கிள்காரர்கள் பின்னால் ஊர்வீர்கள், வளைவில் பேருந்து திரும்பும் வரை காத்திருப்பீர்கள், கையுறையைக் கழற்றி மாட்டவே ஐந்து நிமிஷம் ஆகும்.

முதல் தடவை வருகிறவருக்கு ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் தாராளம். 230 என்பது பழகியவருக்கு, அதுவும் நல்ல வானிலையில். 300 என்று யாராவது சொன்னால் அவர் குடும்பத்தோடு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்வியோவை எப்படி ஓட்டுவது? கூட்டமாக இருக்கும் என்கிறார்களே?

இருக்கும், பத்து மணிக்கு மேல். அதனால் ஆறு மணிக்குக் கிளம்புங்கள்.

2,757 மீட்டர் உயரம். இத்தாலியின் மிக உயரமான தார்ச்சாலைக் கணவாய் இதுதான். 1820 முதல் 1825 வரை, லொம்பார்டி ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்த காலத்தில், கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் போட்ட சாலை. குதிரை வண்டிக்காகப் போட்ட ஏற்றம், அதனால் சரிவு சீராக இருக்கும், வளைவுகள்தான் கொடுமை. பிராட் ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். கீழே 48-இல் ஆரம்பித்து மேலே போகப் போக எண் குறையும். மூச்சு வாங்கும்போது இன்னும் எத்தனை என்று தெரிவது ஒரு ஆறுதல்.

டிராஃபோய் கிராமம் தாண்டும் வரை காடு. அப்புறம் ஒரு திருப்பத்தில் 3,905 மீட்டர் ஓர்ட்லர் சிகரம் பனியோடு இடது கைப்பக்கம் வந்து நிற்கும். ஃபிரான்சென்ஸ்ஹோஹே என்ற இடத்தில் நிறுத்துங்கள். மீதி ஏற வேண்டிய சாலை முழுக்க எதிர்ச் சுவரில் மடித்துப் போட்ட நாடா மாதிரி தெரியும். எல்லோரும் உச்சியில் இருந்து கீழே பார்த்துப் படம் எடுக்கிறார்கள், எனக்கு இங்கிருந்து மேலே பார்ப்பதுதான் பிடிக்கும்.

உச்சியில் கடைகள், தொத்திறைச்சி வாசனை, ஸ்டிக்கர் விற்பனை. ஜூலையில் தோளில் பனிச்சறுக்குப் பலகையோடு ஆட்கள் நடப்பார்கள், மேலே பனியாற்றில் கோடைக்காலச் சறுக்கல் நடக்கிறது. ஏழு மணிக்கு அங்கே இருந்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு மறுபக்கம் சுமார் மூன்று கிலோமீட்டர் இறங்கி வலது பக்கம் உம்பிரைல் கணவாய்க்குத் திரும்புங்கள். அது 2,501 மீட்டர், சுவிஸ் எல்லை. அங்கிருந்து புல்வெளி, காடு என்று இறங்கி சாண்டா மரியா, பிறகு முஸ்டயர். முஸ்டயரில் உள்ள புனித யோவான் கன்னியர் மடம் 1983-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, உள்ளே ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சுவரோவியங்கள். அதைக் குடும்பத்தோடு இன்னொரு நாள் பாருங்கள். மீண்டும் இத்தாலிக்குள் வந்தால் சுற்றிலும் மதில் உள்ள குட்டி ஊர் குளூர்ன்ஸ், அங்கே ரொட்டி வாங்கிக்கொண்டு பிராட்டுக்கு. மொத்தம் 65, 70 கிலோமீட்டர். பத்து மணிக்குள் வீட்டில் இருக்கலாம். பிள்ளைகள் அப்போதுதான் எழுந்திருப்பார்கள், கையில் ரொட்டி வேறு.

சரி, முழு நாள் பாதை சொல்லுங்கள்.

இரண்டு சொல்கிறேன், ஒன்று எளிது.

மெரானோவிலிருந்து வடக்கே பாஸையர் பள்ளத்தாக்கில் சாங்க்ட் லியோன்ஹார்டு போய், அங்கிருந்து யௌஃபென் கணவாய், 2,100 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. இறங்கினால் ஸ்டெர்சிங், நல்ல கடைத்தெரு, மதியச் சாப்பாடு அங்கே. பிறகு பென்ஸர் யோஹ், 2,211 மீட்டர், மேலே ஒரு சாப்பாட்டுக்கடையும் காற்றும் தவிர ஒன்றும் கிடையாது. அப்புறம் சார்ன்தால் வழியாகக் குகைப்பாதைகளுக்குள் புகுந்து புகுந்து போல்சானோ வரை நீண்ட இறக்கம், மெரானோவுக்குத் திரும்பல். 150 கிலோமீட்டரைத் தாண்டும். எட்டரைக்குக் கிளம்பினால் மூன்று, மூன்றரைக்கு வந்துவிடலாம். முதல் முழு நாளுக்கு இதுதான் சரி. சாலை அகலம், வளைவுகள் கண்ணுக்குத் தெரிந்து வரும், ஸ்டெல்வியோவின் கூட்டம் இல்லை.

இரண்டாவது பெரியது. பிராட், ஸ்டெல்வியோ, போர்மியோ, காவியா கணவாய், போந்தே தி லெக்னோ, டொனாலே கணவாய், சோலே பள்ளத்தாக்கு, காம்பென் கணவாய், லானா, வீடு. 230, 240 கிலோமீட்டர் வரும். இதில் காவியாதான் வயிற்றைப் பிசையும் பகுதி. 2,600 மீட்டருக்கு மேல் போகிறது, தெற்குப் பக்கம் பல இடத்தில் ஒரு கார் அகலம்தான், நடுவில் விளக்கில்லாத குகைப்பாதை ஒன்று. வெயிலில் இருந்து திடீரென்று இருட்டுக்குள் போவதால் ஒரு கணம் எதுவும் தெரியாது, நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கறுப்புக் கண்ணாடியை உயர்த்திக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் தப்பிக்கும் வழி போர்மியோவில் இருக்கிறது. அங்கே பத்து மணிக்குள் வந்து சேரவில்லை என்றால், அல்லது தெற்கே மேகம் கறுத்திருந்தால், காவியாவை விட்டுவிட்டு வந்த வழியே ஏறி உம்பிரைல் வழியாகத் திரும்பிவிடுகிறேன். நான்கு தடவை கிளம்பியதில் இரண்டு தடவைதான் முழுச் சுற்று முடித்திருக்கிறேன்.

டோலமைட் மலைகளில் உள்ள செல்லா, போர்தோய், கார்தெனா, கம்போலோங்கோ நான்கையும் சுற்றி வரும் வளையம் பற்றியும் கேட்கிறார்கள். பிரமாதம்தான், ஆனால் ஃபின்ஷ்காவிலிருந்து போய் வர தூரம் அதிகம். அதற்கு அந்தப் பக்கம் தங்குங்கள்.

எந்த மாதம் வரலாம்?

பள்ளி விடுமுறை கட்டிப்போடாதவர்கள் ஜூன் பின்பாதி அல்லது செப்டம்பர் முன்பாதியில் வாருங்கள். ஸ்டெல்வியோ பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் திறக்கும், நவம்பர் தொடக்கத்தில் மூடும், பனியைப் பொறுத்து முன்பின் ஆகும். ஆஸ்திரியாவுக்குப் போகும் திம்மெல்ஸ்யோஹ் இன்னும் தாமதமாகத்தான் திறக்கும், இரவில் மூடிவிடுவார்கள், பைக்குக்கும் சுங்கம் உண்டு. பள்ளத்தாக்கின் அடியிலேயே எந்தக் கணவாய் திறந்திருக்கிறது என்று பலகை வைத்திருப்பார்கள், அதைப் படிக்காமல் ஏறாதீர்கள்.

ஆகஸ்ட் 15 இத்தாலிக்குப் பெரிய விடுமுறை. அன்றும் அதற்கு முன்பின் உள்ள சில நாள்களும் நாடே மலையில்தான் இருக்கும், பைக்கை மூடி வைத்துவிட்டு ஏரிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். சனிக்கிழமை தங்குமிடங்களில் ஆள் மாறும் நாள், ஆஸ்திரியாவிலிருந்து வரும் ரெஷென், பிரென்னர் வழிகள் அடைத்துக்கொள்ளும். செவ்வாய், புதன், வியாழன்தான் என் நாள்கள்.

இன்னொன்று, சைக்கிள் விழாக்களுக்காகக் கணவாயையே மூடிவிடுவார்கள். ஸ்டெல்வியோவில் கோடை முடியும் சமயம் ஒரு சனிக்கிழமை முழுக்க சைக்கிளுக்கு மட்டும். டோலமைட் பக்கம் ஜூலை தொடக்கத்தில் ஒரு ஞாயிறு பெரிய சைக்கிள் ஓட்டம். தேதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கோடையில்கூட அவ்வளவு குளிருமா? உடை என்ன எடுத்துவருவது?

பிராட்டுக்கும் ஸ்டெல்வியோ உச்சிக்கும் சுமார் 1,850 மீட்டர் உயர வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால் பன்னிரண்டு டிகிரி போச்சு. காலை ஆறு மணிக்குக் கீழே 14 என்றால் மேலே 2. அதில் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வேறு. 1988 ஜூன் 5 அன்று ஜிரோ சைக்கிள் பந்தயமே காவியாவில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டது, ஜூன் மாதம் என்பதைக் கவனியுங்கள்.

நான் முதல் தடவை வலை ஜாக்கெட்டோடு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கிளட்ச் பிடித்த விரல்களை இன்னொரு கையால் பிரிக்க வேண்டியிருந்தது. இப்போது மெல்லிய கம்பளிப் பனியன் ஒன்று, காற்றுப் புகாத உள்சட்டை ஒன்று, மழைக்கோட்டு, இரண்டு ஜோடிக் கையுறை எப்போதும் பெட்டியில். மழைக்கோட்டை மழை வந்த பிறகு போடாதீர்கள், வருவதற்கு முன்பே போடுங்கள், குளிருக்கும் அதுதான் உதவும். ஜூலை, ஆகஸ்ட்டில் மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை வருவது அடிக்கடி நடப்பது, காலையில் வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் நம்ப வேண்டாம். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்குக் கூட்டம் பாதிக் காரணம் என்றால் இந்த மழை மீதிப் பாதி.

கொண்டை ஊசி வளைவென்றால் பயமாக இருக்கிறது. வால்பாறை போயிருக்கிறேன், போதுமா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறியவருக்கு அடிப்படை தெரியும். நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன், அப்பாவின் பழைய பைக்கில். ஆனால் கை மாறுகிறது, அதுதான் சிக்கல். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால் இடது வளைவுதான் குறுகல், வலது வளைவு அகலம். இங்கே வலது பக்கம் ஓட்டுகிறோம், ஏறும்போது வலது கொண்டை ஊசிதான் உள்வட்டம், செங்குத்து, குறுகல். நம் உடம்பு இருபது வருஷமாகப் பழகியது நேர் எதிர். ஐரோப்பாவில் பல வருஷம் கார் ஓட்டியிருந்தாலும் பைக்கில் அந்தப் பழைய பழக்கம் வெளியே வரும்.

வலது வளைவுக்கு முன்பே முதல் கியர். வளைவுக்குள் கிளட்சைப் பிடித்தால் வண்டி நின்று சாயும், அங்கே கால் ஊன்ற நினைத்தால் தரை எதிர்பார்த்த இடத்தில் இருக்காது, சரிவு. அதனால் எஞ்சின் இழுத்துக்கொண்டே இருக்கட்டும், பின் பிரேக்கை லேசாக அழுத்தி வேகத்தை அடக்குங்கள். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, தலையைத் திருப்பி மேலே, சாலை போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நுழைவதற்கு முன் மேல் வளைவில் என்ன வருகிறது என்று அண்ணாந்து பாருங்கள். பேருந்து தெரிந்தால் வளைவுக்கு முன்பே நில்லுங்கள், அதற்கு முழு அகலமும் வேண்டும். நம் ஊர் மாதிரி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்கும் வழக்கம் இங்கே கிடையாது, யாரும் அடிக்கவில்லை என்பதால் யாரும் வரவில்லை என்று அர்த்தமில்லை. சுவிஸ் பக்கம் மட்டும் மஞ்சள் அஞ்சல் பேருந்து மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் அடிக்கும், ரோசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்தது. மலை அஞ்சல் சாலைகளில் அந்தப் பேருந்து ஓட்டுநர் சொல்வதுதான் சட்டம், ஒதுங்கி வழி விடுங்கள்.

வால்பாறையில் குரங்கு குறுக்கே வரும், இங்கே மாடு. கழுத்து மணிச் சத்தம் கேட்டால் மெதுவாகப் போங்கள், அது போட்ட சாணியும் வளைவில்தான் கிடக்கும்.

இறங்கும்போது பிரேக் சூடாகுமா?

ஆகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். பிரேக் எண்ணெயை விடுமுறைக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. பழைய எண்ணெய் ஈரம் இழுத்துக் கொதித்தால் கைப்பிடி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்படி ஆனால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆற விடுங்கள்.

பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாமா?

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இத்தாலியில் ஐந்து வயதுக்குக் கீழ் ஏற்றக் கூடாது. ஆஸ்திரியாவில் 12 வயது முடிந்திருக்க வேண்டும், கால் மிதிக்கட்டையில் எட்டவும் வேண்டும். ஜெர்மனியில் ஏழு வயது வரை தனி இருக்கை தேவை. ஒரே நாளில் இரண்டு எல்லை தாண்டும் ஊர் இது, ஒன்பது வயதுப் பையனோடு இத்தாலியில் சட்டப்படி கிளம்பி ஆஸ்திரியாவில் சட்டத்தை மீறுகிறவராக இறங்குவீர்கள்.

என் மகனுக்கு ஒன்பது. குளூர்ன்ஸ் வரை போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருவோம், சமதளம்தான். கணவாய்க்குக் கூட்டிப் போக மாட்டேன். பின்னால் உட்கார்ந்தபடியே அவன் தூங்கிவிட்டால் எனக்குத் தெரியாது.

மனைவியோ கணவரோ பின்சீட்டில் வந்தால்?

யௌஃபெனுக்குக் கூப்பிடுங்கள், ஸ்டெல்வியோவுக்கு வேண்டாம். 48 வளைவிலும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வருவார், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டும். ஹெல்மெட்டில் பேசும் கருவி இருந்தால் பாதி சண்டை குறையும். பின் ஷாக்கை இறுக்குங்கள், டயரில் காற்று ஏற்றுங்கள், தூரத்தைப் பாதியாக்குங்கள். ஸ்டெல்வியோ உச்சிக்குக் கோடையில் பேருந்து ஓடுகிறது. வேண்டுமானால் அவர்கள் அதில் வரட்டும், மேலே சந்திக்கலாம். வாந்தி வரும் பிள்ளை என்றால் முன்வரிசை இருக்கையும் எலுமிச்சம்பழமும்.

ஊரிலிருந்து வருகிறோம். பைக் வாடகைக்குக் கிடைக்குமா, நம் லைசென்ஸ் செல்லுமா?

மெரானோ, போல்சானோ பக்கம் வாடகைக்கு உண்டு, கோடைக்கு முன்பே பதிவு செய்யுங்கள். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும், இரண்டும் அசல். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள், கார் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்கள் வயது, அனுபவம், கிரெடிட் கார்டில் முன்பணம் எல்லாம் கேட்பார்கள். சுவிட்சர்லாந்துக்குள் கொண்டுபோக ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், உம்பிரைல் போனால் எல்லை தாண்டுகிறோம்.

500 முதல் 700 சிசி போதும். பெரிய வண்டி எடுத்தால் படம் நன்றாக வரும், வலது கொண்டை ஊசியில் அழுகை வரும்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் பைக்கைச் சிறு டிரெய்லரில் வைத்துக் காரில் இழுத்து வரலாம், நான் இப்போது அப்படித்தான். முதல் இரண்டு வருஷம் மனைவி கார் ஓட்ட நான் பின்னாலேயே பைக்கில் வந்தேன். பிள்ளைகள் இருவரையும் ஐந்து மணி நேரம் அவர் தனியாகச் சமாளித்தார் என்பது எனக்கு மூன்றாம் வருஷம்தான் உறைத்தது.

எல்லையில், பெட்ரோல் நிலையத்தில், போனில் கவனிக்க வேண்டியது?

பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் பல திட்டங்களில் ரோமிங் தனிக் கட்டணம். உம்பிரைல் உச்சியிலேயே டேட்டாவை அணைத்துவிட்டு, ஏற்கெனவே இறக்கி வைத்த வரைபடத்தில் ஓட்டுங்கள். உம்பிரைல் வழியில் நெடுஞ்சாலை இல்லாததால் சுவிஸ் சாலை வில்லை (நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டியதற்கான ஸ்டிக்கர்) தேவையில்லை. ஆஸ்திரிய நெடுஞ்சாலையில் பைக்குக்கும் வில்லை வேண்டும், பிரென்னர் பகுதிக்கு அது போக தனிச் சுங்கம்.

இத்தாலியில் மதியம் பெட்ரோல் நிலையங்களில் ஆள் இருக்க மாட்டார், இயந்திரம்தான். ஒரு தடவை என் கார்டை விழுங்கிவிட்டது, மூன்று மணிக்கு ஆள் வரும் வரை ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது இருபது யூரோ நோட்டு இரண்டு தனியாக வைத்திருக்கிறேன், பாதி டேங்குக்குக் கீழே போகவும் விடுவதில்லை. அவசரத்துக்கு மூன்று நாட்டிலும் 112.

சைலன்சர் மாற்றிய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆஸ்திரியாவின் டிரோலில் ரொய்டே மாவட்டத்தின் சில சாலைகளில், நின்ற நிலை ஒலி 95 டெசிபலுக்கு மேல் உள்ள பைக்குகளுக்குக் கோடையில் தடை, 2020-இல் கொண்டுவந்தார்கள். கணக்கில் எடுப்பது பதிவுச் சான்றில் யூ.1 என்ற கட்டத்தில் உள்ள எண்ணை. மியூனிக்கிலிருந்து வரும் வழிகளில் ஒன்று அந்த மாவட்டத்துக்குள் போகிறது. ஆஸ்திரியாவில் பைக்கிலும் முதலுதவிப் பெட்டி கட்டாயம்.

நான் மலையில் இருக்கும்போது அவர்கள் என்ன செய்வார்கள்?

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை, கடைசியில்தான் வருகிறது.

மெரானோவிலிருந்து மால்ஸ் வரை பள்ளத்தாக்கில் ரயில் ஓடுகிறது, 2005-இல் மீண்டும் திறந்தது. மால்ஸ் வரை ரயிலில் ஏறி, அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்து, ஆற்றங்கரைப் பாதையில் பெரும்பாலும் இறக்கமாகவே மிதித்துக் கீழே வரலாம். களைத்துப்போன இடத்தில் ரயில் ஏறலாம். எங்கள் வீட்டில் இதுதான் முதல் இடம், என் பைக்கை விட இதைத்தான் பிள்ளைகள் பேசுகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் வழியெல்லாம் பாதாமி பழம். பல தங்குமிடங்கள் விருந்தினர் அட்டை கொடுக்கின்றன, அதில் பேருந்தும் ரயிலும் இலவசம். தங்குமிடம் பதியும்போதே இதைக் கேளுங்கள்.

ரெஷென் ஏரியில் கரையோரமாக ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கும். அணைக்காக 1950-இல் கிரவுன் என்ற ஊரை மூழ்கடித்த மிச்சம். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் கோயில் நந்தி தெரியுமே, அதைச் சொன்னதும் என் மகளுக்கு உடனே புரிந்தது. மழை நாளுக்குப் போல்சானோவில் ஓட்சி அருங்காட்சியகம், 1991-இல் பனியாற்றில் கிடைத்த, 5,000 வருஷத்துக்கு மேல் பழைய மனிதரின் உடல் அங்கே இருக்கிறது. பையன் கண்ணாடிக்கு முன் அரைமணி நேரம் நகரவில்லை.

நான் திரும்பி வந்ததும் ஒரு விதி உண்டு. உடை மாற்றிக் குளித்த பின் அன்றைய மீதி நேரம் என் கையில் இல்லை, பைக் கதையும் அவர்களாகக் கேட்டால்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கணவாய்க் கடைகளில் கவனம். ஸ்பெக் என்ற புகையிட்ட பன்றி இறைச்சியைத் துண்டு துண்டாக எதில் வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள். சாதாரண க்னோடெல் உருண்டையில் அது இருக்கும், கீரை க்னோடெலில் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் "ஸ்பெக் இல்லாமல்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கீரையும் பாலாடைக்கட்டியும் அடைத்த ஷ்லுட்ஸ்கிராப்ஃபென் நல்ல சாப்பாடு. கைசர்ஷ்மார்ன் என்பது கிழித்துப் போட்ட இனிப்பு தோசை மாதிரி, ஆனால் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்பவர்கள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஆறினாலும் கெடாது, பென்ஸர் யோஹ் உச்சியில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட அதை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஊறுகாய்ப் புட்டியை மட்டும் இரட்டைப் பையில் கட்டுங்கள், மேலே போகும்போது காற்றழுத்தம் குறைந்து மூடி வழியாக எண்ணெய் கசியும். என் மழைக்கோட்டில் இன்னும் மாங்காய் வாசனை போகவில்லை.